திரையின் மூலையில் நின்றவள்

நிலையத்தில் அவளை ‘மூலை’ என்றுதான் கூப்பிடுவார்கள். தொலைக்காட்சிச் செய்தியில் வாசிப்பவர் நடுவில் உட்கார்ந்திருப்பார். திரையின் கீழ் மூலையில், ஒரு சின்னக் கட்டத்துக்குள், ஒரு பெண் நின்றபடி அதே செய்தியைக் காது கேட்காதவர்களுக்குச் சைகை மொழியில் சொல்லிக்கொண்டிருப்பாள். அந்தப் பெண் இவள்தான்.

இவளுடைய அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சு வரும் முன்பே இவளுடைய கை பேசக் கற்றுவிட்டது. பேச்சு வந்த பிறகு குடும்பத்துக்கே வாயானாள். வீட்டு உரிமையாளர் அப்பாவைத் திட்டினால், அந்தத் திட்டை அப்பாவிடம் சொல்ல வேண்டியவள் பள்ளிக்கூடச் சீருடையில் நிற்கும் மகள். ஒருமுறை அவர், “உங்கப்பன்கிட்ட சொல்லு, அந்த மரமண்டைக்கு ஏறுதான்னு பாப்போம்” என்றார். இவள் அப்பா பக்கம் திரும்பி, “தனக்கு மரமண்டைன்னு இவரே சொல்றாரு” என்று கைகாட்டினாள். அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் இருமித் தீர்த்தார். கோபம் அன்றைக்கே அவளுக்கு மூக்கின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்தக் கோபத்தை அடக்கிக்கொண்டுதான் பல வருடம் அந்த மூலையில் நின்றாள். புருவத்தைத் தூக்குவாள், உதட்டைச் சுழிப்பாள், தலையை ஆட்டுவாள். சைகை மொழியில் பாதி, முகத்தில்தான் இருக்கிறது. அப்பாவோடு தனி வீட்டில் இருந்த அம்மா தொலைக்காட்சிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வாசிப்பவரைக் கண்டுகொள்ளாமல், மூலையை மட்டும் பார்ப்பாள். செய்தி முடிந்ததும், “இன்னிக்கு ரொம்ப இளைச்சுத் தெரியறே” என்று மகளுக்கு வீடியோ அனுப்புவாள்.

பிறகு நிலையம் மாறத் தொடங்கியது. முதலில் கேமராக்காரர்கள் போனார்கள். தண்டவாளத்தில் தானாக நகரும் கேமராக்கள் வந்தன. யார் பேசினாலும் சத்தம் வரும் பக்கம் அவை தாமாகவே திரும்பிக்கொள்ளும். அடுத்து விளக்குக்காரர் போனார். கட்டுப்பாட்டு அறையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வேலை பார்த்த கூட்டம் போய், ஒரே ஒரு பையனும் ஐந்தாறு திரைகளும் மிஞ்சின. ஸ்டுடியோவைத் தரைத்தளத்துக்குக் கொண்டுவந்து, வரவேற்பறையைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டார்கள். வருகிறவர்கள் வாயைப் பிளந்து பார்க்க வேண்டுமாம். பார்த்தால் நகைக்கடை மாதிரிதான் இருந்தது.

இதற்கெல்லாம் பொறுப்பு தொழில்நுட்பத் தலைவர். எதைக் கேட்டாலும் “அடுத்த அப்டேட்ல வந்துடும்” என்பதால் அவருக்கு ‘அப்டேட்’ என்றே பெயர் விழுந்திருந்தது. அவர் ஒருநாள் இவளைத் தனியே அழைத்தார்.

“உங்க வேலையை எந்த மெஷினும் செய்ய முடியாது மேடம். பயப்படாதீங்க. சும்மா உங்க கை அசைவை ஒரு பதிவு எடுத்து வச்சுக்கறோம். நீங்க லீவு போட்டா உதவும்.”

உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை, அதில் வெள்ளைப் புள்ளிகள், ஒயர் வைத்த கையுறை. ஒரு வாரம் அகராதியையே கையால் சொன்னாள்.

“முகத்தை எடுக்கவே இல்லையே சார்?” என்று கேட்டாள். “‘போ’ன்னாலும் ‘போகாதே’ன்னாலும் கை ஒண்ணுதான். தலையை ஆட்டுறதுலதான் வித்தியாசமே.”

“கை போதும் மேடம். முகம் அடுத்த அப்டேட்ல வந்துடும்.”

அடுத்த மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கையைக் குலுக்கி அனுப்பும்போது அப்டேட் பல்லைக் காட்டினார்: “நீங்க எப்பவும் எங்ககூடத்தான் இருப்பீங்க.” அன்று மாலை தன் வீட்டில் தொலைக்காட்சியைப் போட்டபோதுதான் அதற்கு அர்த்தம் புரிந்தது. மூலையில் ஒரு பொம்மை நின்றது. மெழுகு முகம், மாறாத புன்னகை. கை மட்டும் இவளுடையது. விரல்களைச் சேர்க்கும் விதம், மணிக்கட்டைச் சுழற்றும் விதம் எல்லாம் அப்படியே. தன் கையை யாரோ வெட்டி எடுத்துப் போய் வேறு உடம்பில் மாட்டியது போல இருந்தது அவளுக்கு.

பொறுத்துக்கொண்டாள். வேலை போனதை அப்பா அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வேலை போனால் போகட்டும், மருத்துவமனைகளில் மொழிபெயர்க்க ஆள் தேடுகிறார்கள் என்று கிளம்பினாள்.

அப்போதுதான் தொழிற்சாலை ஒன்றின் கழிவு ஊரின் குடிநீரில் கலந்தது. “குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள்” என்று வாசிப்பவர் திரும்பத் திரும்பச் சொன்னார். மூலையில் நின்ற பொம்மை குழாயைக் காட்டியது, தண்ணீரைக் காட்டியது, குடிப்பதைக் காட்டியது. தலையை மட்டும் ஆட்டவில்லை. சிரித்த முகத்தோடு, “குழாய்த் தண்ணீரைக் குடியுங்கள்” என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

அம்மா குடித்தாள். ஒரு சொம்பு நிறையக் குடித்தாள்.

மருத்துவமனைக் கட்டிலில் அம்மாவின் ஒரு கையில் ஊசி ஏறியிருந்தது. மற்ற கையால் மெதுவாகக் கேட்டாள். “நீதானே குடிக்கச் சொன்னே?”

“அது நான் இல்லம்மா. பொம்மை.”

“முகம் வேறதான். மேக்கப்புன்னு நெனச்சேன். கை உன் கைதானே? உன் கையை எனக்குத் தெரியாதா?”

இவள் கட்டிலை விட்டு எழுந்தாள். நேரே நிலையத்துக்குப் போனாள்.

அப்டேட் எழுந்திருக்கக்கூட இல்லை. “சின்னப் பிழை மேடம். ஆச்சரியம் என்னன்னா, உங்களைத்தான் கூப்பிடலாம்னு இருந்தோம். ரெண்டு நாள் வந்து முகத்தையும் பதிவு பண்ணிட்டீங்கன்னா…”

“எங்கம்மா ஆஸ்பத்திரியில படுத்திருக்கா. என் கையைக் காட்டி அவளைக் குடிக்க வச்சிருக்கீங்க. இப்ப முகமும் வேணுமா உங்களுக்கு?”

“உணர்ச்சிவசப்படாதீங்க. சைகை மொழி பார்க்கிறவங்க மொத்தமே எத்தனை பேரு? ஒரு புகார்கூட வரலையே.”

“புகாரு போன்ல சொல்லணும்னு போட்டிருக்கீங்களேய்யா! காது கேக்காதவங்க போன்ல என்னத்தைச் சொல்லுவாங்க?”

தொண்டை கிழியக் கத்தினாள். இரண்டு காவலர்கள் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அவர்களில் ஒருவர், “மன்னிச்சுக்கம்மா” என்று முணுமுணுத்தார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த நாள் மதியச் செய்தி நேரத்தில் அப்பா நிலையத்துக்குப் போனார். லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யாரிடமும் அதிர்ந்து கை அசைக்காதவர். அவரோடு காது கேட்காதோர் சங்கத்திலிருந்து ஒரு பேருந்து கொள்ளும் ஆட்கள். அவர்களில் பலருடைய வீட்டிலும் யாராவது படுக்கையில் கிடந்தார்கள். இவளும் கூடப் போனாள். வரவேற்பறைப் பெண், “எழுதிக் குடுத்துட்டுப் போங்க” என்று காகிதத்தை நீட்டினாள்.

அப்பா அந்தக் காகிதத்தைப் பார்த்தார். திரும்பி, ஸ்டுடியோவின் கண்ணாடிச் சுவரில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். மறுபடி அடித்தார். எல்லோரும் அடித்தார்கள். கண்ணாடி அதிர்ந்தது, தரை அதிர்ந்தது. அந்த அதிர்வுதான் அவர்களுக்குச் சத்தம். அத்தனை பேரை இரண்டு காவலர்களால் தடுக்க முடியவில்லை; கேமராவைப் பிடித்து நிறுத்த உள்ளே ஆள் இல்லை. இருந்த ஆட்களைத்தான் அனுப்பிவிட்டார்களே. சத்தம் எங்கே வருகிறது என்று கேமராக்கள் மூன்றும் கடமை தவறாமல் திரும்பின. நேரலையில், ஊர் முழுக்க, கண்ணாடியில் மோதும் கைகள் தெரிந்தன. மூலையில் பொம்மை எதையோ சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தது.

செய்தி வாசிப்பவர் வாசிப்பதை நிறுத்தினார். இத்தனை வருடத்தில் இவளிடம் வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் பேசாத மனிதர். எழுந்து வந்து கதவைத் திறந்தார். சட்டையில் மாட்டியிருந்த மைக்கைக் கழற்றி இவளிடம் நீட்டி, “சொல்லுங்க” என்றார்.

அப்பா கேமராவைப் பார்த்துக் கைகளால் பேசினார். இவள் ஒரு சொல்லும் மாற்றாமல் குரல் கொடுத்தாள்.

“என் பொண்டாட்டி உங்க பொம்மையை நம்பித் தண்ணி குடிச்சா. நாங்க சத்தம் போட மாட்டோம்னுதானே எங்களை மூலையில வச்சீங்க? அந்த மூலையில நின்ன மனுசியையும் தூக்கிட்டு, சிரிக்கிற பொம்மையை வச்சீங்க. எங்களுக்குக் காதுதான் கேக்காது. அறிவு இருக்கு. வெக்கம் உங்களுக்குத்தான் இல்லை.”

கட்டுப்பாட்டு அறைப் பையன் ஒளிபரப்பை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவனுக்கு எந்தப் பொத்தான் என்று தெரியவில்லையா, தெரிந்தும் அழுத்தவில்லையா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மாலைக்குள் பொம்மையை எடுத்துவிட்டார்கள். ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று ஒரு வரி ஓடியது. நோயில் விழுந்தவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அம்மா பிழைத்து வீடு திரும்பினாள், ஆனால் பழைய தெம்பு இல்லை. இப்போது அந்த மூலையில் சங்கத்திலிருந்து ஒரு தையற்காரர் நிற்கிறார். அவருக்கும் காது கேட்காது. எதிரே திரையில் ஓடும் எழுத்தைப் படித்துச் சைகை காட்டுகிறார், பிரமாதமாகக் காட்டுகிறார். கட்டத்தையும் பெரிதாக்கியிருக்கிறார்கள். இவளை மட்டும் கூப்பிடவில்லை. கலகக்காரியை யார் கூப்பிடுவார்கள்? வாசிப்பவரை விடியற்காலைச் செய்திக்குத் தள்ளிவிட்டார்கள். அப்டேட்டுக்குப் பதவி உயர்வு.

தன் கைகளின் பதிவை அழிக்க வேண்டும் என்று அவள் வழக்குப் போட்டாள். சமரசம் பேச வந்த நிலையத்தின் வக்கீல் தணிந்த குரலில் கேட்டார்: “பொம்மையைத்தான் எடுத்துட்டாங்களே. இன்னும் என்னம்மா கோபம்?”

“திரையில இருந்துதான் எடுத்தாங்க. என் கை இன்னும் அவங்க மெஷினுக்குள்ள கிடக்கு. நாளைக்கு அதை எவனுக்கு வித்து, யாரை என்ன குடிக்கச் சொல்லுவாங்களோ! என் கண்ணு முன்னால அழிக்கட்டும். அப்புறம் கோபத்தைப் பத்திப் பேசலாம்.”

வழக்கு நடக்கிறது. சாட்சி சொல்ல அப்பாவும் அம்மாவும் வரப்போகிறார்கள். அவர்கள் சொல்வதை மொழிபெயர்க்க நீதிமன்றம் வேறு ஆளை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று முதல் வேலையாக மனு கொடுத்திருக்கிறாள். நீங்களே சொல்லிவிடலாமே என்று எழுத்தர் கேட்டதற்கு, “பொறந்ததிலிருந்து மத்தவங்க பேச்சைத்தான் பேசியாச்சு. அங்கே என் பேச்சை மட்டும் பேசறேன்” என்றாளாம்.