சந்தனம் வைத்த டிஸ்கெட்

போன வாரம் கோயிலில் அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண், கைப்பேசியில் மண் தோண்டிக்கொண்டிருந்தாள். தலையில் கல் விழுவதற்குள் வைரத்தைப் பொறுக்கிக்கொண்டு ஓட வேண்டும். முருகா, இந்த விளையாட்டு இன்னும் இருக்கிறதா!

எண்பதுகளில் நாங்கள் மலேசியாவில் லாபு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்குப் பால் ஸ்டோரில் வேலை. என் மனைவி சரோஜா பால் எடுக்க மரம் வெட்டினாள். ரெம்பாவிலிருந்த அவள் தம்பி மணியம், பழைய கம்ப்யூட்டர் ஒன்றை இந்த விளையாட்டு டிஸ்கெட்டுகளோடு கொண்டுவந்து டிவியில் மாட்டிக் கொடுத்தான். சூடேறினால் தூசி கருகும் வாசம் வரும். அதை மறைக்க நான் ஊதுபத்தி ஏற்றுவேன்.

விளையாட்டின் முதல் பாகத்தில் கல்லும் வைரமும்தான். நான் அதன் நான்காவது குகையிலேயே செத்துச் செத்து ஓய்ந்தவன். இரண்டாவதில் துரத்தும் பூச்சிகள் வந்தன. மூன்றாவதில் குகையை நாமே வரையலாம்.

“நீ எப்படி வரைஞ்சாலும் அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருவேன்லா அக்கா.”

“தீபாவளிக்கு வா. நீ அழுவுறத பாக்கணும்.”

வேலை முடிந்து வந்த மத்தியானங்களில், இரண்டு மாதம், எங்கள் தோட்டத்தையே வரைந்தாள். நாங்கள் குடியிருந்த லயங்கள், காலையில் பேர் கொடுக்க நிற்கும் பெரட்டுக் களம், ஸ்டோர். மானேஜர் பங்களாவுக்கு மேலே ஏழு கல். கோயிலுக்கு மேலே ஒன்றுகூட இல்லை.

சரஸ்வதி பூசை வந்தது. பால் வெட்டும் கத்தி, மோட்டார் சைக்கிள், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். அவள் வரைந்த குகை இருந்த டிஸ்கெட்டை மட்டும் விட மனம் வரவில்லை. உறையை உருவினால் கீழ்ப்பக்கம் நீளமாக ஒரு திறப்பு. நெற்றி மாதிரி இருந்தது. குழைத்த சந்தனத்தை அங்கேயே வைத்து, குங்குமமும் இட்டு, சூடம் காட்டினேன்.

இரண்டு நாள் கழித்து அவள் அதைச் செருகியதும் பெட்டி கரகரவென்று இரைந்தது.

“ஏங்க, இதுல என்னா பூசுனீங்க?”

“சந்தனம்.”

“எங்க?”

“நெத்தியில.”

ஈரத்துணியால் துடைத்து, காற்றாடியில் காய வைத்துப் பார்த்தாள். உயிர் வரவில்லை. மூன்று நாள் எனக்குச் சோறு மட்டும் வந்தது.

தீபாவளிக்கு மணியம் வந்து விழுந்து விழுந்து சிரித்தான். “மாமா, சாமிய ஏவிவிட்டு என்னைக் காப்பாத்திட்டீங்க லா!” பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “திரும்ப வரையேன்க்கா” என்றான்.

“ஒருக்கா வரைஞ்சாச்சு” என்று முறுக்கு எடுக்கப் போய்விட்டாள்.

தோட்டம் கைமாறியது. லயங்களை இடித்து வீடமைப்பு வந்துவிட்டது. கோயிலையும் வேறிடம் மாற்றினார்கள். தோட்டத்தில் எடுத்தவையாக எங்களிடம் இருப்பவை கல்யாணப் போட்டோக்கள்தான். அவற்றிலும் பின்னால் தெரிவது பந்தல் துணி. எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வீடு என்று ஒழுங்காக வரைந்து வைத்தவள் அவள் ஒருத்திதான். அதற்குத்தான் நான் பொட்டு வைத்தேன்.