ஒன்றுக்குப் பதில் லாபம்

மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் தென்காசியில் வீட்டிலேயே நான்தான் படிக்க வைக்கிறேன். கணக்குக்குக் கதைப்புத்தகம். சாரல் விழுந்த ஒரு காலையில், படத்திலிருந்த வாத்துகளை எண்ணச் சொன்னேன்.

"லாபம், ரெண்டு, மூணு."

நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்பது என் கணவர் வீட்டு வழக்கம். என் பிறந்த வீட்டில் வயலே கிடையாது. எனக்குத் தெரியாமல் இவர் தனியாகப் பாடம் நடத்துகிறார் என்று நினைத்து, அவரிடமே கேட்டேன்.

"நான் எங்க சொல்லிக் குடுத்தேன்? சும்மா என்னையே சந்தேகப்படுத" என்றார். நம்பவில்லை. இரண்டு நாள் அவர் வாயையே கவனித்தேன்.

மூன்றாம் நாள் சோற்றுக்கு அரிசி அளந்து, முதல் உழக்கைப் பானையில் போட்டேன். பின்னால் நின்ற மகள், "அடுத்தது ரெண்டும்மா" என்றாள்.

லாபம் என்று சற்றுமுன் சொன்னது என் வாய்தான்.