எமிக்கோவின் முறை

ஸ்பிரிங்டேலில் ஒரே கோழி ஆலையில், ஒரே வரிசையில், எதிரெதிரே நின்று வேலை பார்த்தார்கள் அக்காவும் தங்கையும். அக்கா எமிக்கோவுக்கு முப்பத்தாறு வயது. பதினான்கு வருஷமாக அந்தக் குளிரில் நின்று கோழி நெஞ்சிலிருந்து எலும்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். காலையில் விரல்களை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால்தான் விரியும். தங்கை தெரினா எட்டு வயது இளையவள். பசிபிக் கடலிலுள்ள மார்ஷல் தீவுகளிலிருந்து அமெரிக்காவின் ஆர்க்கன்ஸாவுக்கு வந்த எங்கள் ஜனத்தில் பாதிப் பேருக்கு அந்த ஆலைகள்தான் சோறு போட்டன, அவர்களுக்கும் அப்படித்தான்.

ஒருநாள் சித்தி ஒருத்திக்கு இங்கிலீஷில் பேசித் தரத் தெரினா ஆஸ்பத்திரிக்குப் போனாள். சித்தியின் வயிற்றில் ஒரு பெண் ஸ்கேன் கருவியை வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். அறை கதகதப்பாக இருந்தது. அந்தப் பெண் உட்கார்ந்து வேலை பார்த்தாள். தெரினாவுக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. "இதுக்கு என்ன படிக்கணும்?" என்று கேட்டுவிட்டாள். ஊர்க் கல்லூரியிலேயே இருக்கிறது, மூன்று வருஷம், என்றாள் அந்தப் பெண்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேச்சு எடுத்தாள் தெரினா. எமிக்கோவின் வீட்டுக்காரன் ஜெபான் சோற்றோடு டின் மாட்டுக்கறியைப் பிசைந்துகொண்டே சிரித்தான்.

"கறுப்பு வெள்ளை டிவி பாக்குறதுக்கு மூணு வருஷப் படிப்பா? எங்கிட்ட சொல்லு, சும்மாவே பாத்துத் தரேன்."

"நீங்க பாத்தா எல்லார் வயித்துலயும் மீன்தான் தெரியும் அத்தான்."

எமிக்கோ சிரிக்கவில்லை. "சம்பளம்?"

"இப்ப நமக்கு மணிக்குப் பதினேழு டாலர். அதுல முப்பத்தஞ்சு."

"செலவு?"

படிப்புக் கட்டணத்தில் பெரும்பகுதியை அரசாங்கம் தரும். புத்தகம், சீருடை, தேர்வுக் கட்டணம் கையிலிருந்து. ஆனால் செலவு அதில்லை. கடைசி இரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் பயிற்சி. அதற்குக் கூலி கிடையாது, வேறு வேலைக்குப் போக நேரமும் கிடையாது. தெரினாவும் மற்ற சொந்தக்காரர்களுமாக வீட்டில் அப்போது ஏழு பேர். ஒரு சம்பளம் நின்றால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

எமிக்கோ தன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துப் பார்த்தாள். "இது இன்னும் எத்தனை வருஷம் ஓடும்? அஞ்சு? ஆறு? நீ முதல்ல போ. நான் சனிக்கிழமையும் வேலைக்குப் போறேன். நீ வேலையில உக்காந்ததும் நான் போறேன். என் முறைக்கு நீ சம்பாதிக்கணும், ஞாபகம் வச்சுக்கோ."

"நீ படிப்பியா அக்கா?"

"ஏன், உன்ன விட மக்கா நான்?"

இப்படித்தான் முடிவாயிற்று. எழுதி வைக்கவில்லை, கைகுலுக்கவில்லை. ஜெபான் இன்னொரு கவளம் எடுத்துக்கொண்டான்.

தெரினா படித்தாள். இயற்பியலில் ஒருமுறை தோற்றாள். அது ஆறு மாதத்தைத் தின்றது. அக்காவிடம் சொல்லப் பயந்து இரண்டு நாள் வைத்திருந்து சொன்னாள். எமிக்கோ, "அப்ப இன்னும் இருபத்தாறு சனிக்கிழமை" என்றாள், அவ்வளவுதான். சொந்தக்காரர் வீட்டுக் குழந்தைகளின் முதல் பிறந்தநாள் விருந்துகளுக்கும் படிப்பால் தெரினா போகவில்லை. எங்கள் ஜனத்தில் அது சின்னக் குற்றமில்லை. "டாக்டரம்மாவுக்கு நம்ம சோறு இறங்காது போல" என்று சர்ச்சில் பெண்கள் அவள் காதுபடவே சொன்னார்கள்.

கடைசி வருஷ அக்டோபரில், வகுப்பில் எல்லோரும் ஆளுக்கொருவரைக் கூட்டிவந்து வயிற்று ஸ்கேன் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. எமிக்கோ வந்தாள். பூப்போட்ட நீளக் கவுனும் கொண்டையில் செருகிய சீப்புமாக வந்து கட்டிலில் படுத்துக்கொண்டு, "இதுல நான் கொழுப்பு வச்சிருக்குறது தெரிஞ்சா ஜெபான்கிட்ட சொல்லிடாத" என்றாள்.

தெரினா கருவியை விலா எலும்புக்குக் கீழே வைத்தாள். கல்லீரலைத் தேடினாள். சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருக்க வேண்டிய இடம் அது. அங்கே ஒரு முட்டையளவுக்கு வேறு ஒன்று இருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அது என்ன என்பதை மூன்று வாரத்துக்கு முன்னால்தான் படித்திருந்தாள். தப்பாக வைத்துவிட்டேனோ என்று கருவியை எடுத்து மறுபடி வைத்தாள்.

"என்னடி, காணாமப் போச்சா என் ஈரல்?"

"மூச்சை இழுத்துப் பிடி அக்கா."

ஆசிரியை வாண்டா ஹாலக் வந்தார். கருவியை வாங்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு எமிக்கோவின் வயிற்றிலிருந்த பசையைத் தானே துடைத்துவிட்டு, "இந்த வாரமே ஒரு டாக்டரைப் பாருங்க. நான் கடிதம் தரேன்" என்றார். தெரினாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, படம் எடுப்பவர்கள் நோயைச் சொல்லக் கூடாது, அது டாக்டரின் வேலை, அக்காவாக இருந்தாலும் அதுதான் விதி என்றார்.

காரில் எமிக்கோ கேட்டாள். "நீ என்ன பாத்த?"

"டாக்டரைப் பாருக்கா."

"அது அந்தம்மா சொன்னது. நீ என்ன பாத்த?"

"எனக்கு அவ்வளவு தெரியாது."

அக்காவிடம் தெரினா சொன்ன பெரிய பொய் அதுதான். எமிக்கோ அதை நம்பினாள். ஆலையில் லீவு எடுத்தால் தண்டனைப் பாயிண்ட் ஏறும். இன்னும் ஒன்று ஏறினால் வேலை போய்விடும் என்பதால் அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று தள்ளினாள். ஒன்பதாம் நாள் தெரினா ஆலை வாசலில் போய் நின்று, வெளியே வந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

எமிக்கோ முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "முதுகு வலி வரிசையில நின்னதாலன்னு நெனச்சேன்" என்றாள்.

"எப்போலருந்து வலி?"

"நீ இயற்பியல்ல தோத்தியே, அப்போலருந்து."

ஹெபடைடிஸ் கிருமி பிறந்ததிலிருந்தே உடம்பில் இருந்திருக்கிறது, அதிலிருந்து வந்த புற்றுநோய் இது என்றார் டாக்டர். ஒன்பது நாளில் எதுவும் மாறியிருக்காது என்றும் சொன்னார். வலி தொடங்கி ஆன ஒன்றரை வருஷத்தில் மாறியிருக்குமா என்று தெரினா கேட்டாள். அவர் பேனாவை மூடிவிட்டு, "அதை இப்ப யோசிக்காதீங்க" என்றார்.

படிப்பை விட்டுவிடுவதாக அன்று மாலை சொன்னாள் தெரினா. மீதியிருந்தது ஒரே ஒரு பருவம். எமிக்கோ படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அத்தனை கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை.

"விடு. ஆனா என் சனிக்கிழமையெல்லாம் எடுத்து வை. எத்தனைன்னு எனக்குத் தெரியும். ஒவ்வொண்ணா என் கையில குடுத்துட்டு அப்புறம் விடு."

"நான் இல்லாம உன்ன யாரு பாத்துக்குவா?"

"ஜெபான் இருக்கான். ரெய்மினா இருக்கா. நீ போய் அந்த டிவியப் பாரு."

ரெய்மினா எமிக்கோவின் ஒரே மகள், பன்னிரண்டு வயது.

மார்ச் மாதத்தில் எமிக்கோ போய்விட்டாள். சர்ச்சில் எல்லோரும் வரிசையில் பாடிக்கொண்டே வந்து சவப்பெட்டியருகே ஆளுக்கொரு டாலர் வைத்தார்கள். அடக்கம் முடிந்து ஆறாம் நாள் சமாதியில் வெள்ளைக் கூழாங்கல் பரப்பி, பூ வைத்து, குடும்பம் மொத்தமும் கூடி நிற்க வேண்டும். கூடப்பிறந்தவள் இல்லாமல் அது நடந்ததாக எங்கள் ஜனத்தில் கேள்விப்பட்டதில்லை. பயிற்சிக்கு வராமலிருக்க ஐந்து நாள்தான் அனுமதி. நான்கை அக்காவின் கட்டிலருகே கழித்திருந்தாள். ஐந்தாவது அடக்கத்துக்குப் போயிற்று. ஹாலக் அம்மாவிடம் கேட்டுப் பார்த்தாள். "பயிற்சி மணிக்கணக்கு என் கையில இல்லம்மா. ஒரு நாள் குறைஞ்சாலும் நீ அடுத்த வருஷம்தான் திரும்ப வந்து முடிக்கலாம்" என்றார் அவர்.

அடுத்த வருஷம். இன்னும் ஐம்பத்திரண்டு சனிக்கிழமை, அதுவும் யாருடையவை?

ஆறாம் நாள் காலை தெரினா ஆஸ்பத்திரிக்குப் போனாள். அன்று பதினோரு பேருக்கு ஸ்கேன் எடுத்தாள். அவர்களில் இரண்டு கர்ப்பிணிகள், ஒரு பித்தப்பைக் கல், கழுத்துக் கட்டி ஒன்று. மதியம் துணி அலமாரி அறைக்குள் போய்த் துவாலையில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றுவிட்டு வந்தாள். சாயங்காலம் சமாதிக்குப் போனபோது ஆட்கள் கலைந்திருந்தார்கள். கற்கள் சீராகப் பரப்பப்பட்டிருந்தன. ஜெபான் மட்டும் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ரொம்பப் பேசினாங்களா அத்தான்?"

"பேசினாங்க. எமிக்கோ சொல்லித்தான் நீ போயிருக்கன்னு சொன்னேன். யாரும் நம்பல."

மே மாதம் தெரினா தேறினாள். அதே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. மணிக்கு முப்பத்தாறு. முதல் சம்பளத்தைக் கொண்டுபோய் ஜெபானிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கவில்லை.

"போட்டது வந்துருச்சுல்ல?" என்றான். குத்திக் காட்டவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"தெரியல அத்தான். அவ பங்கை எங்க எழுதுறதுன்னு தெரியல."

அவன் பணத்தை வாங்கி ரெய்மினாவின் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்தான்.

அக்காவின் நோய் தெரிந்த பிறகு குடும்பத்தில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்திருந்தார்கள். தெரினாவுக்கும் ரெய்மினாவுக்கும் அதே கிருமி இருந்தது. தெரினாவுக்கு மருந்து தொடங்கினார்கள். ரெய்மினாவுக்கு இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆறு மாதத்துக்கொருமுறை கல்லீரலைப் பார்த்துவந்தால் போதும் என்றார் டாக்டர்.

சொந்தக்காரர்களுக்கு ஸ்கேன் எடுக்கக் கூடாது என்பது அங்கே விதி. ஆகஸ்டில் ரெய்மினாவைத் தன்னோடு வேலை பார்க்கும் டானாவிடம் உள்ளே அனுப்பிவிட்டுத் தெரினா வெளியே நின்றாள். ஒரு கல்லீரலுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த நேரம் கடந்தும் கதவு திறக்கவில்லை. கருவியை எடுத்து மறுபடி வைக்கிறாளோ என்று நினைத்தாள். சுவரில் சாய்ந்துகொண்டாள்.

கதவு திறந்தது. டானா எதுவும் சொல்ல முடியாது. தெரினா கேட்கவும் முடியாது. அவள் டானாவின் முகத்தையே பார்த்தாள்.

"உங்க அக்கா பொண்ணு பேச்ச நிறுத்தவே மாட்டேங்குறா தெரினா," என்றாள் டானா, கையுறையைக் கழற்றிக்கொண்டே. "கருவிக்கு என்ன விலை, யாரு கண்டுபிடிச்சது, பூனைக்கு எடுக்கலாமா. மூச்சப் பிடிக்கச் சொன்னா சிரிக்குறா."

டானா முகத்தில் மறைக்கிற மாதிரி எதுவும் இல்லை. தெரினா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.