பின்மண்டையில் ஒரு புழுவெட்டு

கண்ணாடிக் கடையில் அவருக்கு மில்லி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கண்ணாடியை ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாமல் வெட்டும் கைக்கு முதலாளி வைத்த பெயர்தான் ஒட்டிக்கொண்டது. பதினாறு வருடமாக அதே கடை, அதே மேசை.

அன்று ஒரு துணிக்கடையில், உடை மாற்றிப் பார்க்கும் அறைக்கு ஆளுயரக் கண்ணாடி இரண்டு பொருத்தப் போயிருந்தார். எதிரெதிர்ச் சுவரில் இரண்டையும் மாட்டி, சாய்வு இருக்கிறதா என்று ஓரமாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே ஒருவனின் பின்மண்டை தெரிந்தது. நடுவில் காசு அளவுக்கு வழவழவென்று ஒரு வட்டம். யாரோ பாவம் என்று எண்ணித் திரும்பினார். அறையில் வேறு யாரும் இல்லை.

கடைக்குத் திரும்பியதும் முதலாளியிடம் கேட்டார்.

"மொதலாளி, என் பின்னந்தலையில ஏதாவது தெரியுதா?"

"அதுவா? ரெண்டு வாரமா இருக்கே. உனக்குத் தெரியும்னு இருந்துட்டேன்."

வட்டத்தைவிட அந்த இரண்டு வாரம்தான் அவரை அரித்தது. பஸ்ஸில் பின்னால் நின்றவர்கள், கடைக்கு வந்துபோனவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். மறுநாளிலிருந்து பஸ்ஸில் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தார். அங்கும் கை தானாகப் பின்னால் போய்த் தடவிக்கொண்டே இருந்தது.

அக்காவுக்குப் போன் போட்டார்.

"அது புழுவெட்டுடா தம்பி. சின்ன வெங்காயத்த ரெண்டா வெட்டி, சுருசுருன்னு ஏறுற வரைக்கும் தேய். மூணு வாரத்துல மொளைச்சிரும்."

மூன்று வாரம் பொறுக்க அவரால் ஆகவில்லை. மூன்றே நாள் வெங்காயம். அப்புறம் மூன்று நாள் வெந்தயம். கற்றாழை, செம்பருத்தி இலை, முட்டை வெள்ளைக்கரு என்று ஒவ்வொன்றுக்கும் அதே மூன்று நாள் கெடு. தினமும் காலையில் பின்மண்டைமேல் இரும்பு ஸ்கேலை வைத்துப் பிடித்துக்கொண்டு, மனைவியைப் போட்டோ எடுக்கச் சொல்வார். முதல் நாள் இருபத்திரண்டு மில்லிமீட்டர். பத்தாம் நாள் இருபத்து நான்கு. மனைவி கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கியபடி போட்டோ எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

மறுபடி வெங்காயத்துக்கு வந்தபோது, கடையில் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜோடி மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தது.

"மில்லி, நாம கண்ணாடி விக்கிறோமா, காய்கறி விக்கிறோமா?" என்றார் முதலாளி. சொன்னது சிரித்துக்கொண்டுதான். அந்த வாரமே மில்லி ஒரு குளியலறைக் கண்ணாடியை நான்கு மில்லிமீட்டர் குறைத்து வெட்டிவிட்டார். பதினாறு வருடத்தில் அதுதான் முதல் தடவை. முதலாளி சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. உடைசல் பெட்டியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் காலையில் பூண்டை நசுக்கி வட்டத்தின்மேல் அப்பி, துணியை மடித்து வைத்து, மேலே தொப்பியை இறுக்கிக்கொண்டு வேலைக்குப் போனார். எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். மத்தியானம் காலருக்குள் ஏதோ வழிந்தது. தொட்டுப் பார்த்தால் நீர். தோல் கொப்புளம் கட்டி உடைந்திருந்தது. சொல்லிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

வீட்டில் அந்நேரத்துக்கு அவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. குளியலறையில் மனைவி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீர் போகும் ஓட்டையிலிருந்து முடியை இழுத்து எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் விரித்திருந்த செய்தித்தாளில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு உருண்டை சேர்ந்திருந்தது.

அவரைக் கண்டதும் தாளை மடித்து ஓரமாகத் தள்ளினாள். தொப்பியைக் கழற்றிப் பார்த்தவள், "என்ன பண்ணி வச்சிருக்கீங்க," என்று குனியவைத்துத் தண்ணீரை ஊற்றினாள். நெடுநேரம் ஊற்றினாள்.

குனிந்தபடியே கேட்டார். "அது யார் முடி?"

"இந்த வீட்ல வேற யாருக்கு அவ்ளோ நீளம்?"

"எத்தனை நாளா?"

"பாப்பா பொறந்த நாலாம் மாசத்துலேருந்து. இப்ப அவளுக்குப் பதினொண்ணு."

"ஏம்மா சொல்லல?"

"எங்க சொல்ல? ஒரு மாசமா தலையக் காட்டிட்டு நிக்கிறீங்க. போட்டோ எடுக்கிறவ தலைய ஒரு நாளாவது திரும்பிப் பாத்தீங்களா?"

அவர் நிமிர்ந்தார். அவள் வகிடு ஒரு விரல் அகலத்துக்கு விரிந்து கிடந்தது. பின்னல் சிறுமியின் பின்னலைப்போல் மெலிந்திருந்தது.

"உங்களுக்கு அரைச்ச வெந்தயத்துல கிண்ணத்தோட ஒட்டிட்டு இருக்குமில்ல, அத வழிச்சு நான் தேச்சுக்குவேன்," என்றாள். "கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கும். அவ்ளோதான்."

அன்று சாயங்காலமே தோல் டாக்டரிடம் இருவரும் போனார்கள். டாக்டரம்மா புண்ணைப் பார்த்தார். ஸ்கேல் வைத்த போட்டோக்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"இந்த மாதிரி வட்டம் நெறைய பேருக்குத் தானா மூடிக்கும். இப்ப வைத்தியம் வேண்டியது பூண்டுப் புண்ணுக்குத்தான். களிம்பு தர்றேன். மூணு மாசம் எதையும் தேய்க்காதீங்க. அளக்கவும் அளக்காதீங்க."

மூன்று மாதம் என்றதும் மில்லி ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு மனைவி பக்கம் கையைக் காட்டி, "என்னை விடுங்கம்மா. இவளக் கொஞ்சம் பாருங்க," என்றார்.

"எனக்கென்ன இப்ப," என்றாள் மனைவி.

டாக்டரம்மா அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள். ஒன்றைக்கூட அதுவரை மில்லி கேட்டதில்லை. ரத்தப் பரிசோதனையில் இரும்புச் சத்து அடிமட்டத்தில் இருந்தது. அதை ஈடுகட்டாமல் தலையில் எதைத் தடவியும் பெரிதாகப் பிரயோசனம் இல்லை என்று சொல்லி டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பத்தாவது வாரம் அவருடைய வட்டத்தில் முடி முளைத்தது, பஞ்சுபோல் வெள்ளையாக. மனைவிதான் பார்த்துச் சொன்னாள். அவளுக்கு நான்கு மாதம் பிடித்தது. முடி கொட்டுவது குறைந்து, நெற்றி ஓரத்தில் குட்டை முடிகள் குத்திட்டு நின்றன. அதற்குள் மில்லியின் பரபரப்பெல்லாம் அவள் பக்கம் திரும்பிவிட்டது. வேலைக்கு நடுவே மூன்று தடவை போன் போடுவார்.

"மாத்திரை போட்டியா? சாப்பிட்டியா? தலை சுத்துதா?"

"சுத்துது," என்றாள் ஒரு நாள். "நீங்க போன் பண்றப்ப மட்டும்."