அண்ணன் நடந்த நாடு

அந்த விளையாட்டில் ஒரு ராஜாவைக் கொல்ல வேண்டும். வாள், வில், குதிரை எல்லாவற்றையும் கொடுத்து, எதற்காகக் கொல்ல வேண்டும் என்பதையும் முதல் ஊரிலேயே ஒருவர் விளக்கமாகச் சொல்லிவிடுவார். என் அண்ணன் அதை எட்டு மாதம் ஆடினான். ராஜாவின் கோட்டைப் பக்கம் ஒருமுறைகூடப் போகவில்லை. குதிரையை ஒரு மரத்தடியில் விட்டுவிட்டு அந்த நாடு முழுக்க நடந்துகொண்டே இருந்தான்.

அப்போது அவனுக்குப் பதினேழு வயது. நிஜத்தில் அவனால் எழுந்து கழிவறைக்குப் போக முடியாது. பள்ளிக் கடைசி ஆண்டான ஐந்தாம் படிவத்தின் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது, பள்ளி விட்டு மோட்டார் சைக்கிளில் வந்தவனைத் தோட்டத்து முனையில் ஒரு லாரி உரசித் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்து, உள்ளே இரும்பு வைத்திருந்தார்கள். பரீட்சை நடந்த நாட்களில் அவன் கூடத்து நாற்காலியில், எதிரே முக்காலிமேல் காலை நீட்டிக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாங்கள் குடியிருந்த, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் சுவா என்ற சிறு பட்டணத்திலிருந்து உள்ளே போகும் செம்மண் பாதையில் இருந்தது. அப்பா செம்பனைக் குலை வெட்டினார். அம்மா போர்ட்டிக்சன் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரை கூட்டும் வேலைக்குப் போய்வந்தார். நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. அம்மாவின் தம்பி, அதாவது எங்கள் மாமா, லுக்குட்டில் ஒரு ரிப்பேர் கடையில் வேலை செய்தார். பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு யாரோ திரும்ப வாங்காமலே போன ஒரு கேம் செட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தார். கூடவே இரண்டு தட்டுகள். ஒன்று கார் பந்தயம். இன்னொன்று அந்த நாடு. சும்மா கிடந்தால் பையனுக்குப் புத்தி கலங்கிவிடும் என்று அவர் அம்மாவிடம் சொன்னார். அவர் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று. மற்றவை அதிகமில்லை.

அந்த நாட்டின் வரைபடம் தொடக்கத்தில் முழுக்கக் கறுப்பாக இருக்கும். கால் வைத்த இடம் மட்டும் வெளுக்கும். ஓர் ஆற்றங்கரையோடு நடந்தால் வரைபடத்தில் மெல்லிய நூல்போல் அந்த ஆறு தெரிய ஆரம்பிக்கும். ஒரு மலையுச்சியில் ஏறி நின்றால் சுற்றுவட்டாரம் கொஞ்சம் துலங்கும். அண்ணனுக்கு அதுதான் பிடித்திருந்தது. பாலைவனத்தை மேற்கிலிருந்து கிழக்காக, வயலில் ஏர் ஓட்டுவதுபோல வரிவரியாக நடந்து வெளுக்கவைத்தான். வழியில் திருடர்கள் வந்தால் ஓடி ஒளிந்துகொள்வான். எனக்கு ஆத்திரமாக வரும். வெட்டு, வெட்டு என்று கத்துவேன். அவன் காதில் விழாது.

பெயரில்லாத இடங்களுக்குப் பெயர் வைப்பது என் வேலை. பள்ளி நோட்டில் நான் ஒரு வரைபடம் போட்டு வைத்திருந்தேன். தோட்டத்து ஆட்களை மேய்க்கும் எங்கள் மண்டோரின் வயிறுபோல் சரிந்திருந்த குன்று மண்டோர் மலை. எந்தப் பக்கம் போனாலும் திரும்ப அங்கேயே கொண்டுவந்து விடும் சதுப்புக்காட்டுக்கு என் கணக்கு வாத்தியாரின் பட்டப்பெயர். அண்ணன் சிரிக்கமாட்டான். ஆனால் அடுத்தநாள் அந்தப் பெயரையே சொல்வான்.

சுவாவிலிருந்து அவனுடைய கூட்டாளி ஒருவன் மோட்டாரில் வருவான். அவனிடம் வேறொரு விளையாட்டு இருந்தது. இந்த நாட்டைப்போல் நாலு நாட்டை அதற்குள் போடலாம், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் காரில் போகவே முக்கால் மணி நேரம் ஆகும் என்று பெருமையடித்தான். அதில் என்ன இருக்கிறது என்று அண்ணன் கேட்டான். ரோடு, காடு, ரோடு என்றான் அவன்.

"பெருசா இருந்து என்னாடா பண்றது?" என்றான் அண்ணன். "நம்ம தோட்டமும்தான் ஆயிரத்துச் சொச்சம் ஏக்கரு. எங்க நின்னு பாத்தாலும் அதே செம்பனை லா. ஒருத்தன் வரைஞ்சு அதையே நகல் எடுத்து ஒட்டுன மாதிரி. இதுல ஒவ்வொரு பாறையும் வேற வேற பாறை."

வேலை முடிந்து வந்த அப்பா, ஒருநாள் குளிக்காமலே அவன் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அது எந்த ஊர் என்று கேட்டார். ஊர் இல்லை என்றான் அண்ணன். இதையெல்லாம் சுற்றி முடித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டார். ஒன்றும் கிடைக்காது என்று அவன் உள்ளபடி சொன்னான். அப்பா ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். அந்த ஆண்டில் அவர் எப்போதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். நான் அதை அவருடைய நடை என்றே நினைத்திருந்தேன்.

எட்டாவது மாதம் வடக்கே பனிமலைப் பக்கம் நாலு விரல் அகலத்துக்குத்தான் கறுப்பு மிச்சமிருந்தது. அந்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளி விடுமுறை. எலும்பு சேர்ந்துவிட்டதா என்று படமெடுத்துப் பார்க்க, அம்மா அண்ணனை மாமாவின் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அப்பா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். அவர் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. கார் போன பிறகு கொஞ்ச நேரம் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"பாப்பா, அண்ணன் இத்தன மாசம் நடந்ததெல்லாம் ஒரு சின்னக் கார்டுல இருக்குன்னு மாமா சொன்னாரு. ஒனக்கு அதத் தொறக்கத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"அழிக்கத் தெரியுமா?"

அதுவும் தெரியும் என்று நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அண்ணனின் நன்மைக்குத்தான் என்றார் அப்பா. இது இருக்கும்வரை அவன் நாற்காலியைவிட்டு எழமாட்டான், ஆம்பளைப் பிள்ளை இப்படியே உட்கார்ந்துவிட்டால் கால் மரத்துப்போய்விடும் என்றார். செட்டையே எடுத்து ஒளித்துவைக்கலாமே என்று கேட்டேன். அப்படிச் செய்தால் தான் பிடுங்கியதாகப் பையன் நினைப்பான், தானாகக் கெட்டுப்போனால் யார்மீதும் கோபம் வராது என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பிறகு, இனிமேல் நான் சைக்கிளில் தோட்டத்து முனையைத் தாண்டி சுவாவரை தனியாகப் போகலாம், அம்மாவிடம் அவரே பேசிக்கொள்வார் என்றார்.

முனையைத் தாண்டக் கூடாது என்பது, அண்ணன் விழுந்த நாளிலிருந்து எனக்குப் போட்ட தடை. அதற்குப் பிறகு நான் வேறெதையும் கேட்கவில்லை. அப்பாவுக்காகச் செய்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிவந்தேன். சைக்கிளுக்காகத்தான் செய்தேன். இன்னொன்றும் இருந்தது. எட்டு மாதமாக அவன் என்னைத் திரும்பிப் பார்க்காமல் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செட்டைப் போட்டுக் கார்டைத் திறந்தேன். இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று அவனுடைய நாடு. மற்றது என்னுடைய கார் பந்தயம். அவன் வரியில் நிறுத்தி அழிக்கும் பொத்தானை அழுத்தினேன். திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது.

"என்னா கேக்குது?"

"நெசமாவான்னு கேக்குதுப்பா."

வெளியே யாரோ மோட்டாரில் போன சத்தம் தேய்ந்து அடங்கியது. "ம், போடு" என்றார். போட்டேன். எட்டு மாதத்தை அழிக்க அந்த இயந்திரத்துக்கு இருமும் நேரம்கூட ஆகவில்லை.

மூன்று மணிவாக்கில் அவர்கள் திரும்பி வந்தார்கள். அண்ணன் நொண்டுகோலை ஊன்றி உள்ளே வந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து செட்டைப் போட்டான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே நான், "கார்டு கெட்டுப்போச்சுண்ணே" என்றேன். அவன் திரையை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு "ம்" என்று மட்டும் சொன்னான். செட்டை அணைத்து, வயரைச் சிக்கில்லாமல் சுற்றி, மாமா கொண்டுவந்த அதே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினான். அழுவான் அல்லது அடிப்பான் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அடுத்த மாதம் முதல் தேதி அண்ணன் அப்பாவின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு குலை வெட்டப் போனான். நான் சுவாவுக்குச் சைக்கிளில் போனேன். கடைகள், ஒரு சாலைத் திருப்பம். திரும்பி வந்துவிட்டேன்.

அவன் கால் நேராகவே இல்லை. பழம் ஏற்றிய ஒற்றைச் சக்கர வண்டியைச் சேற்றில் தள்ளித் தள்ளி, சேராத எலும்பு வளைந்தே இறுகிவிட்டது. இரண்டு வருடத்தில் முதலாளிகள் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். விற்றது எங்களுக்குத் தெரியவந்தபோது, வாங்கியவர்கள் அளவுக்கல் நட்டு முடித்திருந்தார்கள். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தார்கள். நாங்கள் லுக்குட்டில் ஒரு அடுக்குமாடிக்குப் போனோம். அண்ணன் இப்போது அங்கே ஒரு குடியிருப்பு வாசலில் காவலாளி. உட்கார்ந்த இடத்திலிருந்து கம்பத்தைத் தூக்கி இறக்கும் வேலை என்பதால் அவனுக்கு ஒத்துப்போகிறது.

அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அம்மா எனக்கு எல்லாவற்றையும் சொன்னார். அந்த மாதக் கடைசியோடு அப்பாவுக்கு வேலை முடிகிறது, குலை வெட்ட வீட்டிலிருந்து வேறு ஆள் வராவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தோட்ட ஆபீஸ் கிராணி சொல்லியிருந்தாராம். அந்த ஆஸ்பத்திரிக் கடிதத்தில், எலும்பு சேரவில்லை, மறுபடி அறுவை செய்ய வேண்டும், ஆறு மாதம் காலில் பாரம் வைக்கவே கூடாது என்று எழுதியிருந்ததாம். அப்பா அதை அன்று மாலையே கேட்டுத் தெரிந்துகொண்டார். தெரிந்துகொண்டுதான் அனுப்பினார். தெரிந்துகொண்டுதான் அண்ணனும் போனான்.

அன்று காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போன பின், பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்த அண்ணனிடம் போய், கார்டை அழித்தது நான்தான் என்றேன். அவன் கை நிற்கவில்லை.

"அன்னிக்கே தெரியும். கார்டு கெட்டா மொத்தமாத்தான் போவும். ஒன்னோட கார் ரேஸு மட்டும் அப்படியே இருந்துச்சு."

ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா அப்பா சொல்லித்தான் செஞ்சேன்னு சொல்லியிருப்ப. ஒனக்கா அது தோணாது. நீ சொல்லிட்டா அப்பறம் நான் எப்படி அவரு மொகத்தப் பாத்து அந்த பூட்ஸ வாங்கிப் போடறது?"

பெரிய குண்டானை மேல்தட்டில் வைக்க எம்பினான். எட்டவில்லை. நான் வாங்கி வைத்தேன். இன்றுவரை என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறான். சண்டை போட்டால் தேவலை என்று இருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையைப் பற்றி ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணன் பையைக் கட்டி வைத்த பிறகு, அப்பாவும் அம்மாவும் சமையலறையில் தணிந்த குரலில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா பின்கதவு வழியாக வெளியே போனார். நான் எட்டிப் பார்த்தபோது அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்று, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். வீட்டில் எல்லாரும் அந்த விளையாட்டுக்காகத்தான் வருத்தப்படுகிறார்கள், எல்லாம் என்னால்தான் என்று எனக்குப் பயமாகிவிட்டது. கிட்டே போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அழாதம்மா," என்றேன். "அண்ணனுக்கு வழியெல்லாம் தெரியும். மொதல்லேருந்து நடந்தா இந்தவாட்டி சீக்கிரம் முடிச்சிரும்."