காக்காக்கடி பட்ட கதைப் புத்தகம்

சென்ற வாரம் என் தங்கை மகள் தன் கைபேசியை என்னிடம் நீட்டி, ஒரு சிறுவர் நாவலைப் பற்றி வாசகர்கள் எழுதியிருந்த கருத்துகளைப் படிக்கச் சொன்னாள். அவள் மகனுக்கு அதை வாங்கித் தரலாமா, கூடாதா என்பது அவளுடைய கேள்வி. குடும்பத்தில் புத்தகம் என்றால் என்னிடம் கேட்பார்கள். மருந்து என்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பார்கள். நான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டு கருத்துகளைப் படித்து முடித்தேன். பிறகு, பக்கத்தைப் புரட்டும் நினைப்பில் ஆட்காட்டி விரலை நாக்கில் நனைத்துத் திரையின்மேல் வைத்தேன். திரை எங்கோ தாவிச் சென்று ஒரு கடலை எண்ணெய் விளம்பரத்தில் நின்றது.

"பெரிம்மா, போன எச்சி பண்ணாத" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. முகம் மட்டும் சுளித்திருந்தது.

விளம்பரத்திலிருந்து மீட்டு அவளே மறுபடி கருத்துகளுக்குக் கொண்டுவந்தாள். அந்த நாவலின் நாயகன் பதினோரு வயது மந்திரவாதிச் சிறுவன். சொந்த அண்ணனைத் தவளையாக்கிச் சந்தையில் விற்கிறான், கடைசிவரை வருந்துவதில்லை. வாசகர்களுக்குக் குமட்டியிருக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தோடு மூடிவிட்டுக் கைகழுவியதாக ஒருவர் எழுதியிருந்தார். இப்படிப்பட்ட பிள்ளை தனக்குப் பிறந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று ஒரு தாய் விரிவாக எழுதியிருந்தார். அது நாவலைவிடப் பயங்கரமாக இருந்தது. இன்னொருவருக்கு நாவல் அருவருப்பு, ஆனால் பார்சல் கசங்காமல் வந்ததில் திருப்தி. ஒருவர் நூலைத் திறக்கவே இல்லை என்பதைப் பெருமையோடு அறிவித்து, அதற்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார். சீ, தூ, அசிங்கம், வாந்தி. எழுத்துப் பிழைகள்கூட அருவருப்பில் அவசரமாக விழுந்தவைபோல் இருந்தன.

எனக்கோ கைபேசியைவிட அவள் சொன்ன சொல்லின்மேல் கவனம் நின்றுவிட்டது. எச்சில். வாய்க்குள் ஊறும்வரை அதற்கு உமிழ்நீர் என்று பெயர். உதட்டைத் தாண்டிவிட்டால் எச்சில். உமிழ்நீர் ஒருவருடைய உடம்பைச் சேர்ந்தது. எச்சில் ஊரைச் சேர்ந்தது. யாருடையது, யார்மேல் பட்டது என்று ஊரே கூடித் தீர்மானிக்கும். அப்படி ஊர் கூடித் தீர்மானிக்க முயன்ற ஒரு பிற்பகலை நான் பார்த்திருக்கிறேன். அங்கேயும் நடுவில் இருந்தது ஒரு சிறுவர் நாவல்தான். அதன் நாயகனும் அயோக்கியன்தான்.

என் முதல் வேலை பாகூர் பக்கத்தில் ஓர் ஊரின் சிறிய நூலகத்தில் கிடைத்தது. ஒரே அறை. அதற்குமுன் அது உரக் கிடங்காக இருந்திருக்கிறது. எத்தனை முறை கழுவிவிட்டாலும் மழை நாட்களில் சுவர்களிலிருந்து யூரியா நெடி கிளம்பும். காதல் கவிதைத் தொகுதியைத் திறந்தாலும் நடவு வயலின் ஞாபகம் வரும். மேற்கே கரும்பும் நெல்லும். கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடலும் மீனவர் குப்பமும். சனிக்கிழமை மதியம் சிறுவர்களுக்கான நேரம். வயற்காட்டுப் பிள்ளைகளும் குப்பத்துப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்தது அந்த ஊரில் அந்த நேரத்தில் மட்டும்தான் என்பது எனக்குச் சில மாதங்கள் கழித்துத்தான் புரிந்தது. பள்ளிக்கூடத்திலும் ஒன்றாக உட்கார்ந்தார்கள்தான். ஆனால் அங்கே பெஞ்சுகள் இருந்தன.

அந்தப் புத்தகத்துக்கு மேலட்டை இல்லை. உள்ளே பெயர்ப்பக்கமும் போய்விட்டது. ஆகவே எழுதியவர் யார், அவர் அதற்கு என்ன பெயர் வைத்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. ஒரு பழைய தாள் அட்டையை ஒட்டி நான் எண் மட்டும் எழுதியிருந்தேன். பிள்ளைகள் அதை 'நக்கிப்பய கதை' என்றார்கள். ஒரு கோட்டைக் காவலாளியின் மகனுக்கு ஒரு வரம் கிடைக்கிறது: அவன் நாக்கால் தொட்டது அவனுடையதாகிவிடும். முதலில் ஓர் அதிரசம். அப்புறம் அடுத்த வீட்டு ஆடு. அப்புறம் அரசனின் குதிரை, கோட்டைக் கதவு, கிணற்றில் விழுந்த நிலா. ஓர் அத்தியாயத்தில் கண் தெரியாத ஒருத்தியின் ஊன்றுகோலை நக்கி எடுத்துக்கொண்டு சிரித்தபடி போவான். நான் முதல்முறை படித்தபோது புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அருவருப்பு எனக்கும் புதிதல்ல, நண்பரே. கைபேசியில் எழுதியவர்களைக் கேலி செய்யும் தகுதி எனக்கு அவ்வளவாக இல்லை.

ஒரே பிரதி என்பதால் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். வாசிப்பவள் அஞ்சலை. குப்பத்துப் பெண், ஐந்தாம் வகுப்பு. அவள் அம்மா பாகூர் மார்க்கெட்டில் மீன் விற்பவர். அஞ்சலை நூலகத்துக்குள் வருமுன் வெளியே கைப்பம்பில் முழங்கைவரை கழுவி, பாவாடையில் துடைத்து, பிறகு முகர்ந்து பார்த்துக்கொள்வாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் வாசிக்கத் தொடங்கிவிட்டால் அவளுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. அயோக்கியன் சிரிக்குமிடத்தில் அவளும் சிரிப்பாள். கேட்பவர்களுக்கு மயிர் கூச்செறியும். ஊன்றுகோல் அத்தியாயத்தில் மட்டும் சிரிப்பு என்று அச்சிட்டிருந்ததை வாசித்துவிட்டு, சிரிக்காமல் தாண்டிப் போனாள்.

கதை பிள்ளைகளுக்குள் இறங்கியது. எங்கும் நக்கத் தொடங்கினார்கள். அதற்குமுன் அவர்களுக்குள் இருந்த சட்டம் வேறு. ஒரு மிட்டாயைப் பங்கிட வேண்டுமென்றால் சட்டை நுனியை அதன்மேல் போர்த்திக் கடித்து உடைப்பார்கள். அதற்குக் காக்காக்கடி என்று பெயர். நடுவில் துணி இருந்தால் எச்சில் இல்லை. எந்த வீட்டுப் பிள்ளையும் எந்த வீட்டுப் பிள்ளையிடமும் வாங்கித் தின்னலாம். அந்தச் சட்டை நுனியில் ஒரு சமுதாய ஒப்பந்தமே இருந்தது. நக்கிப்பயல் வந்து அதைக் குலைத்தான்.

கரும்புத் தோட்டக்காரர் வீட்டு மகன் குமரன் அவர்களில் மிகத் தீவிரமான சீடன். தீபாவளிக்குச் சுட்டு வைத்த அதிரசங்களைத் தட்டோடு நக்கி வைத்தான். மறுநாள் அப்பாவின் மொபெட்டின் இருக்கையை நக்கினான். மாமா மகளுக்குத் தைத்த புதுப் பாவாடையையும் விடவில்லை. அவன் அம்மா சரோஜா அக்கா என் நூலகத்தின் சிறந்த வாசகி. வார இதழ்த் தொடர்கதைகளைத் தைத்துச் சேர்த்து வைத்திருப்பவர். அவரே நேரில் வந்தார்.

"ஏம்மா, இன்னா கத குடுக்கற புள்ளைங்களுக்கு? வூட்ல ஒரு சாமான் பாக்கி இல்ல, எல்லாம் எச்சி. எங்க மாமியாரு சோத்துத் தட்ட பீரோவுல வச்சிப் பூட்டிக்கினு உக்காந்திருக்கு."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அப்படியே முடிந்திருக்கும். ஆனால் போகும்போது புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர், முகத்தருகே கொண்டுபோய் உடனே மேசையில் போட்டார்.

"இன்னாது இது, கவிச்சி அடிக்குது. குப்பத்துப் பொண்ணா தொட்டுப் படிக்குது?"

புத்தகம் நாறியது உண்மை. யூரியா, எண்ணெய்க் கை, மீன், பழுப்புத் தாள் எல்லாம் சேர்ந்த வாடை. அதன் முதுகில் வரிசையாக எறும்புகளும் இருந்தன. கரும்பு தின்ற கைகளின் பிசுக்கு அது. எறும்புக்குக் கவிச்சியும் கரும்பும் ஒன்றுதான். மனிதர்களுக்குத்தான் ஒன்று வாடை, மற்றொன்று விளைச்சல்.

அடுத்த சனிக்கிழமை வாசகர் வட்டம் கூடியது. தலைவர் நடேசன் வாத்தியார், ஓய்வுபெற்றவர், சுத்தமான வேட்டிக்காரர். சரோஜா அக்காவோடு இன்னும் நான்கைந்து தாய்மார்கள். வாசகர்கள் கருத்துச் சொல்லவேண்டும் என்று வாத்தியார் கேட்டுக்கொண்டார். கேட்டதும் சொன்னார்கள். நாவல் அசிங்கம். நாயகன் என்றால் ஒரு நல்ல குணமாவது வேண்டாமா? திருடன், பொய்யன், பெரியவர்களை மதிக்காதவன். இவற்றுக்கெல்லாம் நான் மறுப்புச் சொல்லியிருக்க முடியாது, அத்தனையும் உண்மை. ஆனால் பேச்சு மெல்ல நாவலைவிட்டு இறங்கிப் பாய்க்கு வந்தது. புத்தகத்தைப் புதுச்சேரித் தலைமை நூலகத்துக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அதோடு குப்பத்துப் பிள்ளைகளுக்குத் தனி நேரம் வைத்துவிட்டால் யாருக்கும் சங்கடம் இருக்காது. மிக மரியாதையாக, மிக மென்மையாகச் சொன்னார்கள். நாவலில் எந்தப் பக்கத்திலும் வராத குமட்டல் எனக்கு அப்போது வந்தது.

அஞ்சலை வாசலில் நின்றிருந்தாள். கைகள் ஈரமாக இருந்தன. கடைசி அத்தியாயம் அன்றைக்குத்தான் வாசிக்க வேண்டியிருந்தது. பாயில் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் அவள் என்னைப் பார்த்தாள்.

"அந்த அசிங்கத்தைப் படித்தே காட்டிவிடுகிறேன்" என்று வாத்தியார் புத்தகத்தை எடுத்தார். ஊன்றுகோல் அத்தியாயத்தைத் தேடினார். கட்டைவிரலை நாக்கில் வைத்து ஒரு தாள் புரட்டினார். மறுபடி நாக்கு, மறுபடி தாள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் புரட்டுவோம். அது யார் கண்ணிலும் படாத பழக்கம். பாயில் இருந்த பிள்ளைகளின் கண்கள் மட்டும் அவர் விரலோடு ஏறி ஏறி இறங்கின. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்க ஆரம்பித்தார்கள்.

"இன்னாடா சிரிப்பு?" என்றார் வாத்தியார்.

"சார் நக்கிட்டாரு" என்றான் குமரன். "புக்கு சாருது ஆயிடுச்சி."

வாத்தியார் தன் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு அந்தப் புத்தகத்தை யாரோ தன் கையில் திணித்ததுபோல் மேசையில் வைத்தார். "எனக்கெதற்கு இது? நாளைக்கே கட்டி அனுப்பும்மா" என்றார் என்னிடம்.

அஞ்சலை உள்ளே வந்தாள். நேராக மேசைக்குப் போனாள். புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கி, நான் ஒட்டியிருந்த பழுப்பு அட்டையை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பில் நக்கினாள்.

"இப்ப எனுது" என்றாள். "நான் தொட்டதத்தான் யாரும் தொட மாட்டீங்களே. எப்டி அனுப்புவீங்க?"

தாய்மார்கள் பின்வாங்கினார்கள். "த்தூ, கருமம், இன்னா பொண்ணு இது" என்றார் சரோஜா அக்கா. ஒருவரும் கை நீட்டவில்லை. கட்டி அனுப்ப வேண்டுமென்றால் யாராவது ஒருவர் அதை வாங்க வேண்டுமே. ஊரின் அருவருப்பு முழுவதும் அந்தப் புத்தகத்துக்கு வேலி போட்டுக் காத்தது; அதைக் கண்டுபிடித்தவள் ஐந்தாம் வகுப்பு.

அப்போதுதான் குமரன் எழுந்தான். அவன் முகத்தில் இருந்தது பேராசை. வேறு எந்த உயர்ந்த குணத்தையும் நான் அதன்மேல் ஏற்றிச் சொல்ல விரும்பவில்லை. "ஏ, எனக்கும் பாதி" என்றான். அம்மாவை ஒருமுறை பார்த்தான். உடனே சட்டை நுனியை இழுத்துப் புத்தகத்தின் மூலையில் போர்த்தி, வாயைத் திறந்து கடித்தான்.

"காக்காக்கடிம்மா" என்றான், முதுகில் அறை விழுந்த பிறகு. "எச்சி இல்ல. துணி இருக்குது பாரு."

வாத்தியார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். தனி நேரம் என்ற பேச்சை அன்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாதது நடக்கவும் இல்லை. அடுத்த வாரங்களில் பாயில் சில வயற்காட்டுப் பிள்ளைகள் குறைந்தார்கள். குமரன் குறையவில்லை. தன் பாதிக்கு வந்து உட்கார்ந்தான்.

தாய்மார்களும் போனபின் அஞ்சலை கடைசி அத்தியாயத்தை வாசித்தாள். நக்கிப்பயலுக்கு நாக்கு அழுகும், அல்லது அவன் தன் தவறை உணர்ந்து அழுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ராஜ்யம் முழுவதும் அவனுடையதாகிறது. அரசனின் குதிரையில் ஏறி, சிரித்துக்கொண்டே போகிறான். முற்றும். பிள்ளைகள் ஏமாந்துபோனார்கள். "இன்னா கத இது, த்தூ" என்றான் ஒருவன். நான் அஞ்சலையிடம் கேட்டேன், எப்படி இருக்கிறது என்று.

"நல்லாவே இல்லக்கா" என்றாள் அவள். முகம் கோணிக்கொண்டிருந்தது. "கருமமா கீது. இன்னொரு தரம் படிக்கிறேன்." ஈரம் காயாத அட்டையைத் திறந்து முதல் பக்கத்துக்குப் போனாள்.

ஒரு நூலுக்கு நான் கேட்ட மிகச் சிறந்த வாசகர் கருத்து அதுதான். சென்ற வாரம் தங்கை மகளின் கைபேசியில் அத்தனை கருத்துகளுக்கிடையே அந்த ஒன்றைத்தான் தேடினேன். அருவருப்பு நிறைய இருந்தது. திரும்பப் படிப்பவர் ஒருவரும் இல்லை.

நான் மாற்றலாகி வில்லியனூர் வந்தபின் அந்த அறை சில வருடங்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது அங்கே கைபேசி உறை விற்கிறார்கள். புத்தகங்கள் சாக்குகளில் ஏறி எங்கோ போயின. ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது விசாரித்தேன். சாக்குகள் போன இடம் யாருக்கும் தெரியவில்லை. மூலையில் பல் பதிந்த ஒரு புத்தகத்தை எவரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. அஞ்சலையைக் கல்யாணம் செய்து கடலூர்ப் பக்கம் கொடுத்ததாகக் கேள்வி. கைப்பம்பு இருந்த இடத்தில் ஒரு சிமென்ட் மேடை மட்டும் இருந்தது. மிட்டாய்களெல்லாம் இப்போது தனித்தனி உறையில் வருகின்றன. சட்டை நுனிக்கு வேலை இல்லை.

"வாங்கலாமா, வேணாவா? அத மட்டும் சொல்லு பெரிம்மா" என்றாள் தங்கை மகள்.

வாங்கிக் கொடு, அவனுக்குப் பிடிக்காமல் போகட்டும் என்றேன். அவள் நம்பாமல் சிரித்தாள். கைபேசியை என்னிடமிருந்து வாங்கி, முந்தானையால் ஒருமுறை துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். என் விரல் பட்ட இடத்தில் ஒரு தடமும் இல்லை.