இருபத்தொன்பது இரும்பு மாத்திரைகள்

எண்பதுகளின் தொடக்கத்தில், பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தேன். அந்த ஊர்ப் பெண்ணையே மணந்தேன். கருவுற்ற ஆறாம் மாதத்தில் அவளுடைய இமையின் உட்புறம் காய்ந்த கிளிஞ்சல் போல வெளுத்துவிட்டது. பொன்னேரி மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஹீமோகுளோபின் ஏழுதான் என்றார்கள்.

"எட்டாம் மாசம் ஒம்பதத் தாண்டலன்னா இங்க பிரசவம் பாக்க மாட்டோம். மெட்ராஸ் போய் ரத்தம் ஏத்திக்கணும்," என்று சொல்லி, நர்ஸம்மா அறுபது இரும்பு மாத்திரைகள் கொடுத்தார். தினம் ஒன்று.

படகு, பேருந்து, ரயில். வலி எடுத்தபின் மூன்று முறை ஏறி இறங்க வேண்டும். அந்தப் பயத்தில் காலைதோறும் மாத்திரையை நானே எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். டப்பாவில் மீதியை எண்ணினேன்.

பகலில் அவள் தூங்குவாள். ஏரியில் பட்ட வெயில் கூரையின் உட்புறத்தில் நெளிந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்தபடியே, அந்தச் சிவப்பு மாத்திரை அவளுக்குள் கரைந்து, கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் வழியே மெல்ல மெல்லப் போவதாக நினைத்துக்கொள்வேன். விழித்திருந்தேனா, உறங்கினேனா என்றே தெரியாது.

ஐம்பத்தெட்டாம் நாள். குழம்புக்காகச் சென்னாக்குன்னி டப்பாவில் கைவிட்டேன். காய்ந்த பொடி இறால்களுக்கு நடுவே சிவப்பு உருண்டைகள். இருபத்தொன்பது.

"இன்னாமே இது?"

"மாத்திர."

"தெரியுது. இங்க எதுக்கு?"

"எங்க நைனா தெனமும் ஏரில வல போடறாரா? ஒருநா அவரு பாடு, மறுநா வேற ஆளு பாடு. மொற வெச்சிக்கினுதான போறாங்கோ? தெனமும் முழுங்குனா வவுறு கல்லாட்டம் கெடக்குது வாத்தியாரே. அதான் ஒருநா வுட்டு ஒருநா."

"நீ இன்னா டாக்டரா?"

"நீ மட்டும்?"



வயதான பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். உயிரணுவுக்குள் ஒரு புரதம் இரும்பை அளந்தபடியே இருக்கிறதாம். குறைந்தால் உள்ளே வாங்கும் வாசல்களைக் கூட்டும், சேமிப்பறைகளைக் குறைக்கும்; மிகுந்தால் நேர்மாறு. ஒரு மாத்திரை உள்ளே போனால் கல்லீரலும் சேதி அனுப்பி, குடலின் வழியை ஏறக்குறைய ஒருநாள் இறுக்கிவிடும்; மறுநாளே விழுங்கும் மாத்திரை அவ்வளவாக உள்ளே போகாது. வந்த இரும்பை வெளியேற்ற உடம்புக்கென்று தனி வழி கிடையாது; அதனால்தான் நுழையும் இடத்தில் இத்தனை கெடுபிடி. வழி கிடைக்காத இரும்போடு குடலின் அணுக்கள் சில நாளில் உதிர்ந்துவிடும். (இதை நம்பி யாரும் மருத்துவர் சொன்ன அளவை மாற்றிவிட வேண்டாம்.)

அன்று இவை எதுவும் எனக்குத் தெரியாது. மாத்திரைகளில் பாதி சென்னாக்குன்னியில் கிடந்தது, அவ்வளவுதான் தெரியும். எட்டாம் மாதம் மறுபடி ரத்தம் பார்க்கப் பொன்னேரி போகும் வழியெல்லாம் மெட்ராஸுக்கு எத்தனை நிறுத்தம் என்று எண்ணிக்கொண்டே போனேன்.

நர்ஸம்மா சீட்டைப் பார்த்தார். "ஒம்பதரை. இங்கயே பாத்துக்கலாம். பரவால்லியே சார், ஒருநாள்கூட வுடாம குடுத்துக்கிறீங்க!"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். எதிரே என் மனைவி, இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா," என்றேன்.

வராந்தாவுக்கு வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னா வாத்தியாரே, கணக்கு ஒதைக்கலியா?"